பன்னிரண்டு வோல்ட்

பெல்ஜியக்காரர் ஊரைவிட்டுப் போகும் அவசரத்தில்
எங்கள் மூவருக்கும் சேர்த்து விற்ற பாய்மரப் படகு.
இருபத்தாறு அடி. என் பங்கு முன்னூற்றைம்பது தினார்.
'சித்ராவில் நிற்கிறது' என்று போனில் சொன்னபோது
'யாரடி அந்தச் சித்ரா?' என்றாள் அக்கா.
எண்ணெய்க் கிடங்குகள் இருக்கும் ஊர், அக்கா.
பஹ்ரைனில் தீவுக்கும் பெண் பெயர் வாய்த்துவிடுகிறது.

முதல் மாதமே சண்டை,
விளக்கைப் பற்றி.
மரத்து உச்சியில் இருபத்தைந்து வாட் பல்பு,
இரண்டு ஆம்பியர் குடிக்கும்.
நங்கூரம் போட்டு ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால்
எஞ்சின் கிளம்பாது.
தொண்டை கட்டியவன் மாதிரி ஒரு 'க்ளக்',
அவ்வளவுதான்.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்த அணுக்கள் எண்ணுகிறவள்.
எனக்குக் கணக்கு போதும்:
எல்.இ.டி. இரண்டே வாட்.

இன்பராஜ் ஏ.சி. மெக்கானிக். கணக்கு அவனுக்கும் தெரியும்,
ஆனாலும் தலையாட்டவில்லை.
"பல்பு மங்கும் மேடம். வெள்ளை, மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு.
சொல்லிச் சொல்லித்தான் சாகும்.
உங்க எல்.இ.டி. கடைசி நிமிஷம் வரைக்கும்
சிரிச்சிட்டே இருக்கும்.
அப்புறம் பட்டுன்னு இருட்டு."

ஹுசைன் மூன்றாவது பங்காளி, முஹர்ரக்காரன்.
பேரீச்சங்கொட்டையைக் கடலில் துப்பிவிட்டு
'இறால் படகுகள் விளக்கே இல்லாமல் வருகின்றன,
உங்களுக்கு நிறம் ஒரு கேடா' என்றான்,
பாதி இந்தியில்.

மனாமாவில் மூன்று தினாருக்கு வாங்கியதை
நானே மாட்டினேன்.
இடப்பக்கச் சிவப்புக் கண்ணாடி
ஊறவைத்த ரோஜா இதழாய் வெளிறியது.
வலப்பக்கப் பச்சை, நீலத்தில் சாய்ந்தது.
ரேடியோவில் துறைமுகத்தின் குரல்
எண்ணெயில் வடை விழுந்த இரைச்சலுக்குள் போய்விட்டது.
இன்பராஜ் ஒன்றும் சொல்லவில்லை.
ஜெயித்தவன் ஒன்றும் சொல்லாமல் இருப்பது
எவ்வளவு சத்தம்.

அதை அணைத்தேன். நல்லதாக ஒன்று,
நாலு மடங்கு விலையில், வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டேன்.

பார்சல் சுங்கத்தில் கிடந்த வாரம்
இன்பராஜுக்குக் கடிதம் வந்தது.
அந்த வியாழக்கிழமை மதியம் வரை
அவன் கம்பெனி வரவேற்பறையில்
'மாதத்தின் சிறந்த ஊழியர்' சட்டத்துக்குள் அவன் படம்.
மூன்று மணிக்கு,
ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்.
சம்பளம் தாமதமாகவில்லை,
ஓவர்டைம் குறையவில்லை,
மேனேஜர் பல்லில்கூட ஒரு வோல்ட் இறங்கவில்லை.

"எல்.இ.டி. கம்பெனி மேடம்," என்றான் படகில் உட்கார்ந்து.
நான் சிரித்திருக்கக் கூடாது.
அவனும் சிரித்தான்.

அவன் பங்கை நானும் ஹுசைனும் வாங்கிக்கொண்டோம்.
கூடுதலாக ஐம்பது நீட்டினேன், எண்ணிப் பார்த்துத்
திருப்பிக் கொடுத்தான்.

பார்சல் வந்தது அவன் விமானம் ஏறிய மறுநாள்.
ஹுசைன் கயிற்றுச் சக்கரம் சுற்ற
பலகையில் உட்கார்ந்து உச்சிக்குப் போனேன்.
மேலிருந்து பார்த்தால்
சுத்திகரிப்பு ஆலையின் தீ நாக்கு,
காத்திருக்கும் டாங்கர்கள்,
பாலத்தின் விளக்குச் சரம்.
எதுவுமே மங்குவதாகத் தெரியவில்லை.
அதுதான் வயிற்றைப் பிசைந்தது.

புதியது சுத்தமாக எரிகிறது. ரேடியோ தெளிவு.
சிவப்பு சிவப்பாக, பச்சை பச்சையாக.
இதில் என் கணக்கு தோற்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
பழைய பல்பை மட்டும் எறியவில்லை.
அறைக்குள், பேட்டரி சுவிட்சுக்குப் பக்கத்தில்
ஒரு ஹோல்டர் அடித்து மாட்டியிருக்கிறேன்.
கிளம்பும் முன் ஒரு நிமிஷம் போடுவது,
பார்ப்பது, அணைப்பது.

வெள்ளிக்கிழமைதோறும் நாகர்கோவிலிலிருந்து
ஒரே கேள்வி வரும்: 'என்ன கலர்?'
'வெள்ளை' என்று அனுப்புவேன்.

இன்று சுவிட்சைத் தட்டிவிட்டு
கொஞ்சம் கூடுதலாகவே நின்றேன்.
எலுமிச்சைத் தோலின் உள்பக்கம் மாதிரி,
மஞ்சள் என்றும் சொல்ல முடியாது.
மேலே ஹுசைன் நங்கூரத்தை எடுக்கத் தொடங்கிவிட்டான்.

'இரு' என்று கத்தினேன்.