பதினேழு மைக்ரான்

பிர்னோவில் கடைசி டிராம் போனபிறகுதான்
என் மேசை அடங்கும்.
அதற்குள் காப்பி ஆறிப்போயிருக்கும்.

கண்ணாடிச் சில்லின் நாலு ஓரத்தையும்
நகப்பூச்சால் அடைக்கிறேன்.
ஊதா நிறம். ஸ்திஸ்லாவாவின் மகள்
பிடிக்கவில்லை என்று தள்ளிவிட்டது.
உள்ளே ஒரு துளித் தண்ணீர்.
அதில்
முயல் தசையிலிருந்து பிரித்த ஆக்டின் இழைகள்,
சாயமேறி, இருட்டில் சிவப்பாக.

நெளிகின்றன.
யாரும் தள்ளவில்லை.
சும்மா இருக்கத் தெரியாத தண்ணீர்
எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருக்கிறது,
அவ்வளவுதான்.

தொடாமல் இருப்பது என் வேலை.
வினாடிக்குப் பத்துப் படம்.
படத்துக்குப் படம் இழைமேல் புள்ளி புள்ளியாய் நடந்து
இங்கே எந்தப் பக்கம் பார்த்தாய்,
இவ்வளவு தள்ளி எந்தப் பக்கம்
என்று கேட்கிறேன்.
புறப்பட்ட திசை
எவ்வளவு தூரம்வரை அதற்கு ஞாபகம் இருக்கிறதோ
அதுவே அதன் விறைப்பு.

ஆக்டினுக்குப் பதினேழு மைக்ரான்.
ஒரு தலைமுடியின் தடிப்பில் கால்வாசி.
நுண்குழாய்களுக்கு அது மில்லிமீட்டர் கணக்கு;
அவை எங்கள் போர்ஷிவோய் மாதிரி,
சொன்ன சொல்லில் நிற்பவை,
கூட்டத்தில் எவருக்கும் வழிவிடாதவை.

நாற்பத்தொன்றாவது இழை
இன்று முப்பது மைக்ரான் தாண்டியும்
நேராகவே நின்றது.
எழுந்துவிட்டேன் நாற்காலியைவிட்டு.
யாரை எழுப்பிச் சொல்வது என்றுகூட யோசித்தேன்.

பிறகு குவியத்தைச் சற்றே இறக்கினால்
ஒரு முனை கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது.
பால்புரதம் பூச விட்டுப்போன
ஏதோ ஓரிடத்தில்
மாட்டிக்கொண்டு,
மறுமுனை எங்கோ இழுபட்டு.
அசையமுடியாததை
உறுதி என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பட்டியலில் அடித்துவிட்டேன்.
சில்லைத் தூக்கிப்போட மனம் வரவில்லை.

நாலு நாற்பதுக்கு முதல் டிராம்.
திரையில் எல்லா இழைகளும்
ஒன்றாக, ஒரே பக்கம், ஒரு முறை அதிர்ந்தன.
இதைக் கண்டுபிடிப்பது எளிது.
டிராமின் நடுக்கம் எல்லோருக்கும் ஒன்று.
தண்ணீர் தருவது
அவரவர்க்குத் தனித்தனி.

காலையில் போர்ஷிவோய் கேட்பார்:
“சரி, எண் என்ன? ஒரே எண்.”
பதினேழு என்பேன்.
கூட்டியோ கழித்தோ இரண்டு
என்று நான் முடிப்பதற்குள்
அவர் மாடிப்படியில் இருப்பார்.

அந்த இரண்டைத்தான்
ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.