பெட்டிக் கணக்கு

அக்கா ஜெர்மனி போன மூன்றாம் நாள்
கதவு தானாகச் சாத்திக்கொண்டது.
சாவி உள்ளே, அவள் வெளியே,
காலில் குளியலறைச் செருப்பு.
திறக்க வந்தவன் சந்தில் ஒரு தகட்டை விட்டு
ஒரே இழுப்பு.
நூற்றிருபது யூரோ.

அவள் இதைச் சொன்னபோது
ராயக்கோட்டை மண்டி வாசலில்
பதினோராவது வண்டியாக நின்றிருந்தேன்.
இங்கே விடியற்காலை மூன்று,
அங்கே முந்தின நாள் இரவு பதினொன்றரை.
யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் பன்னிரண்டாயிரம்.
தக்காளி பெட்டி இருநூறுக்குப் போகிறது.
அறுபது பெட்டி.
அதற்கு மேல் ஏற்றினால் என் டாடா ஏஸ் அழும்.

"ஒரே இழுப்புக்கா?"
"ஒரே இழுப்புக்கு."
இரண்டு பேரும் சிரித்தோம்.
அவள் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது,
லைனா அவளா தெரியவில்லை.
"அம்மாகிட்ட சொல்லாதே."

அம்மாவிடம் சொல்லாதவை இதோடு இரண்டு.
முதலாவது என் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.
தேவனஹள்ளியில் எடை கூடிப்போய்
சூட்கேஸைத் தரையில் பிளந்து எடுத்த
மூன்று கிலோ ராகி மாவு.
வாசல்வரை ஓடிவந்து என் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.
நல்லவேளை, அம்மா அப்போது கழிப்பறையில்.

தினமும் அம்மா போனில் கேட்கிறாள்:
"களி கிண்டினியா?"
அக்கா கூசாமல் சொல்கிறாள்:
"கிண்டினேன்மா, கட்டி தட்டிடுச்சு."
"தண்ணி கொதிக்கறதுக்கு முன்னாடியே கொட்டியிருப்பே."
மறுநாள்: "இன்னிக்கு அடிப்பிடிச்சிடுச்சு."
"அடுப்பைக் குறைக்கணும்டி."
இப்படியே ஒரு வாரமாக
இல்லாத களியை
அம்மா திருத்திக்கொண்டிருக்கிறாள்.
நேற்று ஓரளவு பதம் வந்துவிட்டதாம்.

வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ்,
பெங்களூர் வியாபாரியிடம் கன்னடம்.
மூன்றிலும் சண்டை போடத் தெரிந்தவள்
ரொட்டிக் கடையில் விரலை நீட்டி வாங்குகிறாள்.
விரல் தப்பி எள் தூவியது வந்தால்
எள் தூவியதையே தின்கிறாள்.

"கிளாஸ் எப்படிக்கா?"
"பேர் படிச்சாங்க. சௌ-ன்னு ஆரம்பிச்சு
அந்தம்மா நின்னுட்டாங்க.
அந்த சௌ-வுக்கே கை தூக்கினேன்."

சௌடேஸ்வரி.
எங்கள் வீதியில் நாய்க்குக்கூட அவள் குரல் தெரியும்.
இதற்கு எத்தனை பெட்டி என்று
நான் போட்டுப் பார்க்கவில்லை.

ஞாயிறு காலை ஆறரை.
சரக்கு இறக்கிவிட்டு உத்தனப்பள்ளி திரும்பும் வழியில்
ரயில்வே கேட் மூடியிருந்தது.
அவள் இன்னும் படுக்கவில்லை.
"சத்தமே இல்லடா இங்க. ஃபிரிட்ஜ் மட்டும்தான்
அப்பப்போ இருமுது."
பிறகு திடீரென்று:
"டேய், பாரு, பாரு!
ரெண்டு அம்பத்தொம்பது... இப்போ ரெண்டு!"
அங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் நாளாம்.
வருஷத்துக்கு ஒரு தடவை
ஒரு மணி நேரத்தை எல்லோருக்கும்
சும்மா கொடுக்கிறார்களாம்.

"என்ன பண்ணப் போறே அதை?"

பதில் இல்லை.
மூச்சு வந்தது. நீளமாக, சீராக,
சின்ன வயதில் பக்கத்துப் பாயில் கேட்ட அதே மூச்சு.

கேட் திறக்க நேரமாகும்போலிருந்தது.
டீசல் வீண் என்று இன்ஜினை அணைத்தேன்.
"ஏன்டா அணைச்சே?"
தூக்கத்துக்குள்ளிருந்து, கோபமாக.

மறுபடி போட்டேன்.
போனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்தேன்,
வண்டி முழுதும் நடுங்க அதுவும் நடுங்கியது.
சேலம் பக்கமிருந்து கூட்ஸ் வந்தது.
ஐம்பத்தெட்டு பெட்டி.
ஒன்றுவிடாமல் எண்ணினேன்.
கேட் தூக்கியதும் பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.
அடிக்கட்டும் என்று
ஜன்னலை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டேன்.