பன்னிரண்டு மாதிரி

ஜனவரிக் காலை, பீன்யா இரண்டாம் கட்டம்.
என் மேசையில் இருநூற்றுப் பத்துப் பொய்கள்,
ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு கொக்கி.
"பன்னிரண்டு எடும்மா" என்றார் நஞ்சுண்டப்பா,
"பின்லாந்துக்காரன் மாதிரி கேட்கிறான்.
போன தடவை அனுப்பியதை மீன் சீண்டவில்லையாம்."

மீன் சீண்டாததற்கு
என் சம்பளத்தில் பிடிப்பாரோ என்று
ஒரு நொடி பயந்துவிட்டேன்.

அங்கே ஏரி உறைந்துவிடுமாம்.
மேலே லாரி ஓடுமாம்.
ஒரு சாண் அகலத்தில் துளை போட்டு
பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்வார்களாம்.
தூண்டிலை வீச இடமில்லை.
நேராக இறக்கலாம், நேராகத் தூக்கலாம்,
மூன்றாம் மாடியிலிருந்து கூடை இறக்கி
தக்காளி வாங்குகிற மாதிரி.

நான் பார்த்த பனிக்கட்டி
கரும்புச்சாறு வண்டியில் சாக்கு போர்த்திக் கிடப்பது.
புட்டராஜுவிடம் கடன் சொல்லி அரைப் பாளம் வாங்கினேன்.
நீல வாளி, தண்ணீர், மிதக்கும் பாளம்,
ஓரத்தில் மிச்சமிருந்த சந்துதான் துளை.
தபஸ்ஸும் நூலைப் பிடித்தாள்.
நான் கைபேசி விளக்கோடு குனிந்து
மீனானேன்.

முதலில் பித்தளை.
கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் போல
எல்லோரையும் பார்த்து ஒரே சிரிப்பு. வேண்டாம்.
பச்சைமேல் ஆரஞ்சுப் பட்டை:
பார்த்ததும் தெரிகிறது, தெரிந்துகொண்டே இருக்கிறது,
கிட்டே போகத்தான் தோன்றவில்லை.
வெள்ளி, மூன்று கிராம்:
விழுந்த வேகத்தில் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.
சிவப்பு நன்றாகத்தான் இருந்தது. விளக்கைக் கையால் மறைத்தேன்,
முதலில் காணாமல் போனது அதுதான்.

குளிரில் மீனுக்குப் பசி மந்தமாம்.
துரத்தி வராதாம். நின்ற இடத்தில் நின்று
வெகுநேரம் பார்க்குமாம்.
பசித்தவனை ஏமாற்ற எதுவும் போதும்.
பசியில்லாதவனுக்கு எதைக் காட்டுவது?

"எங்க வீட்டுக்காரர்" என்றாள் தபஸ்ஸும்,
"என்ன சமையல் சொன்னாலும் உம் என்பார்.
ஒருநாள் ஒன்றுமே சொல்லவில்லை.
எழுந்து சமையலறைக்கு வந்துவிட்டார்."
சொல்லிவிட்டு நூலை ஆட்டாமல் பிடித்தாள்.

பகல் ஒரு மணிக்குள் பதினொன்று தேறியது.

இவற்றுக்குக் கண் வைப்பது நான்தான்.
குண்டூசித் தலையைக் கறுப்பில் தொட்டு, நாளைக்கு எண்ணூறு கண்.
சாமிக்குக் கண் திறக்கிறவர்கள் விரதம் இருப்பார்களாம்.
நான் எலுமிச்சை சாதத்தோடு திறக்கிறேன்.
செவ்வாய்க்கிழமை தும்மியதில்
ஒன்றுக்கு இடக்கண் செவுளுக்குப் போய்விட்டது.
முலாமும் ஒரு பக்கம் திரண்டுபோய்
கழிவுத் தட்டில் கிடந்தது.

கரண்ட் போனது. கம்ப்ரஸர் மூச்சை விட்டது.
ஜன்னலில்லாத அறையில்
தட்டுக்குள் அது மட்டும் வெளிர்பச்சையாய் விழித்திருந்தது.
எடுத்து இறக்கினேன்.
நேராக விழவில்லை. சாய்ந்தது, சுற்றியது,
போகலாமா என்று நின்றது,
மனசு மாறினதுபோல் இன்னொரு பக்கம் சரிந்தது.
இருட்டில் என் வாய் திறந்திருந்ததை
கரண்ட் வந்த பிறகுதான் தபஸ்ஸும் சொன்னாள்.

பன்னிரண்டாவதாக அதை வைத்து டேப் ஒட்டினேன்.
நஞ்சுண்டப்பா பெட்டியை ஆட்டிப் பார்த்து
"சாக்கு" என்றார்.
அவர் மொழியில் அதற்குப் போதும் என்று பொருள்.
என் மொழியில் வேறு.

மார்ச்சில் ஒரு படம் வந்தது.
தடித்த கோட்டுக்குள் யாரோ, முகம் தெரியவில்லை.
கையில் ஒரு கோடு போட்ட மீன், உதட்டில் ஏதோ ஒன்று.
பெயின்ட்காரர்கள் எங்கள் பச்சை என்றார்கள்,
முலாம் போடுகிறவர்கள் எங்கள் பித்தளை என்றார்கள்.
நான் விரல்களால் விரித்து விரித்துப் பெரிதாக்கினேன்.
கண் எங்கே இருக்கிறதென்று பார்ப்பதற்குள்
படம் முழுக்க வெள்ளைக் கட்டங்களாகிவிட்டது.

அரைப் பாளத்துக்கு இன்னும் காசு கொடுக்கவில்லை.
புட்டராஜு என்னைக் கண்டால்
கரும்பை விட்டுவிட்டு மணியை ஆட்டுகிறான்.