ரசீதின் பின்பக்கம்

பெட்ரோல் இங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.
இதற்கப்புறம் நூற்றுப்பத்து மைலுக்கு
காசு வாங்க ஆள் கிடையாது.

தார் ரோடு முடிந்த மாதிரி காட்டும்,
நம்பாதீர்கள், மறுபடி கொஞ்சம் வரும்,
பிறகு நிஜமாகவே முடியும்.
அங்கே போன் வலப்பக்கம் திரும்பச் சொல்லும்.
திரும்பாதீர்கள்.
அதன் பேச்சைக் கேட்ட ரெனோக்காரர் இருவர்
உப்பு நிலத்தில் அச்சுவரை புதைந்து
விடிய விடிய ஹாரன் அடித்திருக்கிறார்கள்.
கூப்பிடு தூரம் என்றால்
அந்தக் கோடியில் ஒரு காது இருக்க வேண்டுமே.

மாடு தாண்டாமலிருக்கக் கம்பி பதித்த இடங்களில்
வண்டி தடதடக்கும். எண்ணுங்கள்.
மூன்றாவதற்குப் பின் இடது.
அரம்புரு வீட்டுக் கேட் மூடியிருந்தால் மூடியே விடுங்கள்,
திறந்திருந்தால் திறந்தே.
செம்மறிகளுக்கும் அவருக்கும் அதில் ஒரு கணக்கு.

ஓடை குறுக்கிடும்.
காலையில் கணுக்கால், சாயங்காலம் தொடை.
பகல் வெயிலில் உருகிய பனி
தாமதமாகத்தான் வந்து சேரும்.
முதல் கியர். பாதியில் மனம் மாறக் கூடாது.

பிறகு ஆஸ்பென் மரங்கள்.
அந்தக் காலத்து இடையர்கள் வெட்டிய பெயர்கள்
பட்டையோடு பருத்துப்போய்
இப்போது எந்த மொழியிலும் இல்லை.
அங்கேதான் ரோடு தீர்கிறது.

(இடம் போதவில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்.)

பச்சை ஜீப் ஒன்று நிற்கும்.
நெகானேயுடையது. இது மூன்றாவது கோடை.
இழுத்துவர இரண்டு முறை கொக்கியோடு போனேன்.
அவள் அம்மா வேண்டாம் என்றாள்,
இறங்கி வந்தால் பிள்ளை எதில் வீட்டுக்கு வரும் என்றாள்.
மாதம் ஒருமுறை போய்
டயருக்குக் காற்றடித்துவிட்டு வருகிறேன்.
பின்பக்கம் இடது டயர் மட்டும் கொஞ்சம் மெத்தனம்.
திரும்பும்போது பார்த்துச் சொன்னால் போதும்.

அதற்கு மேல் பாதை எப்படிப் போகும் என்று
என்னைக் கேட்காதீர்கள்.
இருபத்தாறு வருஷமாக அந்த மரத்தடிவரை போகிறேன்,
ஒரு எட்டு நடந்ததில்லை.

கம்பத்தில் தகரப் பெட்டி, உள்ளே நோட்டு.
பெயர் எழுதுங்கள்.
என்றைக்குத் திரும்புவீர்கள் என்பதையும்,
அந்தக் கட்டத்தைத்தான் எல்லோரும் காலியாக விடுகிறார்கள்.
பென்சில் இருக்காது,
யாராவது எடுத்துப் போயிருப்பார்கள்.
இதையே கொண்டுபோங்கள்.
நான் எழுதி முடித்துவிட்டேன்.