வழக்கமான சுமை

தொண்ணூறில்தான் வரும் அந்த நடுக்கம்.
எண்பதில் இல்லை, நூறைத் தாண்டினால் இல்லை.
காவுனாஸிலிருந்து கடலுக்குப் போகும் சாலையில்
முள் தொண்ணூறைத் தொட்டதும்
ஸ்டியரிங் கைக்குள் கிடந்து உதறும்.

தொண்ணூற்றெட்டு மாடல் பி.எம்.டபிள்யூ.
திவாலான சோபாக் கம்பெனி முதலாளியிடம்
ஒரு ஃபோன் விலைக்கு வாங்கினேன்.
தோல் இருக்கை, வால்நட் பலகை,
பின்சீட்டுக்கென்று தனியாக ஒரு சாம்பல் கிண்ணம்.
அத்தனை ஆடம்பரமும் உட்கார்ந்திருப்பது
இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே
கட்டைவிரல் தடிமன் ரப்பர் மேல்.
அந்தப் புஷ் கிழிந்தால்
பல்லக்கும் கட்டைவண்டிதான்.

அக்டோபரில் நானே மாற்றினேன்.
பகலில் பல்செட் வார்க்கிறவள்,
அரை மில்லிமீட்டரில் பிழைப்பு நடத்துகிறவள்.
சோப்புத் தண்ணீர் தடவி, அம்புக்குறி பார்த்து
அழுத்தினேன், வழுக்கிக்கொண்டு இறங்கியது.
கர்வமாகக்கூட இருந்தது.
மூன்றே மாதம்.
ஜனவரியில் புஷ் வாய் பிளந்து
உள்ளிருந்த எண்ணெய்
சக்கரத்தின் உட்புறம் கறுப்பாக வழிந்திருந்தது.

விற்ற விகௌதாஸைக் கூப்பிட்டுத் திட்டினேன்.
போலிச் சரக்கு, உருப்படமாட்டாய், எல்லாம்.
மூச்சு வாங்க நான் நிறுத்தியபோது கேட்டான்:
"போல்ட்ட எங்க வெச்சு முறுக்கின?
வண்டி தரையில நின்னுச்சா, ஜாக்கியில தொங்குச்சா?"

தொங்கியது.

"அப்ப அந்தரத்துல தொங்குறதுதான் தன் நிலைமைன்னு
ரப்பர் நெனச்சுக்கும்.
தரைக்கு வந்த நாள்லேர்ந்து
நின்னாலும் முறுக்கு, ஓடினாலும் முறுக்கு.
புக்கு குடுத்திருப்பானே, படி."

புத்தகத்தில் இருந்தது.
முன்னால் இரண்டு ஆள் எடை, பின்னால் ஒன்று,
டிக்கியில் கொஞ்சம் சாமான்.
ஏற்றி, நிறுத்தி, அதன்பிறகே முறுக்கவும்.
அதற்குப் பெயர் வழக்கமான சுமை.
வழக்கமாக இந்தக் காரில் இருப்பது
நானும் என் கைப்பையும்.

மணல் மூட்டை தேடினேன்.
பிப்ரவரி, மணல் பாறையாக உறைந்திருந்தது.
பக்கத்து ஷெட் எய்முதிஸைக் கேட்டேன்,
தேனீக்கள் தூங்கும் மாதம், சும்மா இருந்தார்.
ட்ராலிபஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்கும் செவெரினா,
அவள் மகள் உக்னே, ஒரு சாக்கு பீட்ரூட்.
எடை எவ்வளவு என்றேன்.
செவெரினா ஐந்து கிலோவாவது குறைத்துச் சொன்னாள்.
விட்டுவிட்டேன்.

நாலு சக்கரமும் பலகை மேல்.
அடியில் நான், முதுகுக்கு ஒரு அட்டைப்பெட்டி,
மைனஸ் பதினொன்று.
மேலே கதவுகள் சாத்தின. ஒன்று. இரண்டு. மூன்று.
கார் ஒரு விரற்கடை அமர்ந்து நின்றது.
பிறகு சின்னதாக ஒரு க்ளிக்.
"பெல்ட் எதுக்குடி இப்ப?"
"கார்ல ஏறினா போடணும்ல."

எங்க போறோம் என்றார் எய்முதிஸ்.
பலங்கா, என்றாள் உக்னே, கடலுக்கு.
ஃப்ளாஸ்க் திறக்கும் சத்தம்.
அப்புறம் நிஜமாகவே ஏதோ ஊரைத் தாண்டியதுபோல
மூவரும் பேச்சை நிறுத்தினார்கள்.
கண்ணாடியைப் பார்த்துப் பேசும் குரலில் செவெரினா:
"மார்ச்சுல பெர்கன் போறோம். மீன் ஃபாக்டரி.
திரும்பி வர டிக்கெட் எடுக்கல.
கீழ இருக்கிறவகிட்ட இன்னும் சொல்லல."
"கேட்டிருக்கும்" என்றார் எய்முதிஸ்.

ரெஞ்ச்சைப் பிடித்திருந்தேன்.
குளிரில் உலோகம் தோலோடு ஒட்டும்.
இடது போல்ட்டை முறுக்கினேன்,
போதும் என்று ரெஞ்ச் சொல்லும்வரை.
பிறகு வலது.
"முடிஞ்சுதா?" என்று தரைவழியாகக் கேட்டார்கள்.
இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள் என்றேன்.
முடிந்திருந்தது.

இப்போது ஏப்ரல். அதே சாலை. தொண்ணூறு.
ஸ்டியரிங் அசையவில்லை.
ஆளில்லாத கார்
ஒரு விரற்கடை உயர்ந்தே ஓடுகிறது.
பின்சீட்டில் பெல்ட் இன்னும் மாட்டியபடி இருக்கிறது,
யாரையும் பிடிக்காமல்.
நூற்றிப்பத்துவரை போனேன்.
பிறகு வேண்டுமென்றே
தொண்ணூறுக்குக் குறைத்தேன்.