தோலுக்கு ஓய்வு

"வேர்வை பட்டா நிழல்ல காய விடுங்க,
வெயில்ல போட்டா வெடிச்சுரும்.
தேங்காயெண்ணெய் தடவிராதீங்க.
ஒரு ஓட்டை தளர்த்தியே மாட்டுங்க.
வாரத்துல ஒருநாள்
தோலுக்கு ஓய்வு வேணும்க்கா"
என்றான் டவுன்ஹால் ரோடு வாட்ச் கடைப் பையன்,
மிச்சம் இருபது ரூபாயைத் தேடியபடி.

மாட்டுத்தாவணியில்
மல்லிகைச் சாக்குக்குத் தண்ணீர் தெளிக்குமுன்
கழற்றித் தராசுக் கொக்கியில் மாட்டிவிடுவேன்.
முகூர்த்த நாளில் கிலோ விலை ஏற ஏற
அதுவும் சேர்ந்து ஆடும்.

ஏழு மாதமாச்சு.
வார் அப்படியே இருக்கிறது,
பக்கிள் பக்கம் மட்டும்
லேசாய்ப் பிச்சி வாசம்.

ஞாயிறு அதற்கு லீவு.
பவுடர் டப்பாவை ஒட்டிப் படுத்துக்கிடக்கும்.
விரலிடுக்கெல்லாம் வெடித்த தோலோடு
விடியுமுன் கடை திறந்து
அடுத்த கடைச் செவனம்மாவிடம் கேட்பேன்:
"மணி என்னடி?"