மூன்றாவது எண்ணிக்கை

எங்கள் ஊரில் பாட்டைப் பாடுவதில்லை,
படிப்பார்கள்.
"ஏட்டி, ஒரு பாட்டுப் படி" என்றால்
தாளும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம்.

பணகுடிக்குத் தெற்கே
நூற்றுப் பதினான்காம் எண் காற்றாலையில்
ஏறிய என் தம்பி ஏனோக்கு
இறங்கிய விதத்தை
இன்றுவரை யாருக்கும் நான் சொன்னதில்லை.
கம்பெனி கொடுத்த பணத்தில்
அம்மா கூரையை மாற்றினாள்.
என் பங்கில் நான்
நாகர்கோவில் போய் ஒரு கிதார் வாங்கினேன்.
"செத்த பய துட்டுல பொட்டி வாங்கிட்டு வந்திருக்கா"
என்றது தெரு.
உண்மைதான்.
ஆறு மாதம் அது உறையை விட்டு வெளியே வரவில்லை.

ஆடிக்காற்றில் ஒரு ராத்திரி
வூ... வூ... வூ... என்று
இறக்கைகள் போகிற சத்தத்துக்கு
விரல் தானாகத் தட்டியது.
ஒன்று, ரெண்டு,
மூன்றில் மட்டும் ஒரு சின்ன இழுவை,
கீழே பார்த்துவிட்டுக் காலை வைக்கிறவன் மாதிரி.
அதன்மேல் "ஏல" என்று ஒரு சொல் வைத்தேன்.
அழுது முடித்தபின் வந்த பாட்டு என்று
பேட்டிகளில் சொல்கிறேன்.
பொய்.
அழுகை வராததால் வந்தது.

பிறகு பிழைப்பு.
கல்யாண மண்டபங்களில் மூன்று மணி நேரம்
மற்றவர்கள் பாட்டு.
கடைசிப் பந்தி எழுகிறபோது
யாரும் கேட்காத நேரம் பார்த்து
என்னுடையது ஒன்று.
கோயில் அசனத்தில் ஒருமுறை உபதேசியார்,
"இதுல இயேசப்பா எந்த அடியில வாறாரு?" என்றார்.
வருவார் என்றேன்.

சென்னையில், குளிரூட்டிய அறையில் ஒருவர்
"அந்த 'ஏல'யை எடுத்துட்டு
'உயிரே'ன்னு போட்டுடலாமே" என்றார்.
போட்டேன்.
நாற்பதாயிரம். வேன் கடன் பாதி அடைந்தது.
பஸ்களில் இப்போது ஓடுவது அந்த உயிரே.
காதலர்கள் தோளில் சாய்ந்து கேட்கிறார்கள்
என் தம்பியை.

மூலைக்கரைப்பட்டியிலிருந்து ஒருத்தி எழுதினாள்:
உங்க பாட்டால நான் மாத்திரையை நிறுத்திட்டேன்க்கா.
நிறுத்தாதே, டாக்டரைக் கேள் என்று
பதில் போட்டுவிட்டு
என் மாத்திரையை விழுங்கினேன்.

போன வைகாசியில், பாளையங்கோட்டை மண்டபத்தில்,
இரண்டாவது சரணத்தில்,
அவன் இடுப்புப் பட்டையை மாட்டுகிற வரியில்,
ஜெனரேட்டர்காரனுக்கு நானூறு பாக்கி என்று
ஞாபகம் வந்தது.
கை தப்பவில்லை. குரல் கம்மவில்லை.
அவன் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தான்.
நான் சில்லறையைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
முடிந்ததும் மேடைக்குப் பின்னால்
தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.
மறந்தே போயிட்டனேல.

பாத்திரம் கழுவுகிற இசக்கிதுரை
முழங்கை வரை சோப்பு நுரையோடு வந்து நின்றார்.
"எக்கா, அந்தக் கடைசிப் பாட்ட
இன்னொருக்கா படிக்கியளா?"
மைக்கைக் கழற்றியாச்சே.
"மைக்கு என்னத்துக்கு? அண்டா பக்கம் வாங்க."

படித்தேன்.
உயிரே இல்லை, ஏல.
கை நிறுத்தாமல் தேய்த்துக்கொண்டே கேட்டார்.
யாரை நினைத்தார் என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
"மூணாவதுல ஒரு இழுவ இழுக்கியளே,
அது கெடக்கட்டும், மாத்திராதீய" என்று
அடுத்த அண்டாவைக் கவிழ்த்தார்.

நாங்குநேரி டோல்கேட் தாண்டினால்
தூரத்தில் சிவப்பு விளக்குகள் தெரியும்.
எல்லா ஆலைகளின் உச்சியிலும்
ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும்.
எட்டு வருஷமாக
இடமிருந்து எண்ணி
நூற்றுப் பதினான்கைக் கண்டுபிடித்துவிட்டுத்தான்
வீட்டுக்குப் போவேன்.

அன்று பதினேழோ பதினெட்டோ வரை
எண்ணியது தெரியும்.
"எக்கா, எந்திரிங்க,
ஊர் வந்துட்டு" என்று
டிரைவர் கதவைத் தட்டினான்.